இருபத்தேழாம் எண் ஒலி

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து, பெட்டியைப் பிரித்து, பூட்டின் சாவியை ஒரு தடவை தொலைத்து, தேடி எடுத்தும் விட்டேன். ஆக, எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே லென்ஸ் தேய்க்காதே, முதலாளியிடம் ஒரு முக்காலி கேள் என்று சொன்னேனே, கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

போனில் நீ "சாப்பிட்டியா, சரி வை" என்பதைத் தாண்டி வாய் திறப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

சுகாதார அறிவியலில் இளங்கலை படித்தால் கடைசியில் என்ன ஆவாய் என்று கேட்டாயே, இங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. என் அறையில் இருப்பவள் ஆறடி உயரம். எல்லோரும் ஒட்டகச்சிவிங்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் அதில் பெருமைதான். அவள் சொல்கிறாள்: "நாம டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. ஆனா ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பண்றாங்கன்னு கேக்கத் தெரிஞ்சவங்க." காலையில் உடற்கூறு, பிறகு புள்ளியியல், மத்தியானம் தூக்கம் வரும் நேரமாகப் பார்த்துச் சமூக மருத்துவம்.

நேற்று ஒரு வகுப்பில் சொன்னார்கள், நினைவில்லாமல் கிடப்பவருக்கும் காது கேட்கலாமாம். கடைசி வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அப்பா கடைசி நாலு நாள் நினைவில்லாமல் இருந்தார், நான் வந்தாலும் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்காது, அதனால்தான் பள்ளி விடுதியிலிருந்து கூப்பிடவில்லை என்று சொன்னாய். நான் அதை நம்பித்தான் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். அவர் என்னைத் தேடினாரா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். தேடும் நிலையிலேயே இல்லை என்றால் சரி. ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம் அக்கா. குறையாக எடுத்துக்கொள்ளாதே.

முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

உன் சின்னவள்


ஆகஸ்ட் 21

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. முக்காலி கேட்கவில்லை. உட்கார்ந்தால் தேய்ப்புக்கல்லின் மேல் லென்ஸ் சரியாக அமராது.

போன வாரம் ஒரு வாத்தியார் வந்து, புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தன் மனைவிக்கு வயதாகிவிட்டது என்று புகார் சொன்னார். பழைய கண்ணாடியையே கொடுத்தனுப்பினோம்.

மழையில் நனையாதே. முடியை ஈரத்தோடு கட்டாதே. அப்பாவைப் பற்றிப் பேசிப் பேசிப் புண்ணைக் கிளறாதே. அவர் கஷ்டப்படாமல் போனார். உன்னைக் கூப்பிட்டு உன் பரீட்சையும் போயிருந்தால் யாருக்கு லாபம்? படிக்கிற வேலையைப் பார்.

உன் அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுத வரவில்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒலிக்கூடம் என்று ஒரு அறை இருக்கிறது. பன்னிரண்டு தடுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன். உண்மையான நோயாளிகளின் நெஞ்சில் மைக் வைத்துப் பதிவு செய்த மூச்சொலிகள் அறுபது இருக்கின்றன. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கேட்டுக் கேட்டு எந்த ஒலி எந்த நோய் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். பொறுப்பாளர் ஒரு அம்மா. எந்நேரமும் "நிசப்தம்!" என்று அதட்டுவதால் அவருக்குப் பெயரே நிசப்தம் மேடம். அந்த அறையில் சத்தம் போடுவது அவர் ஒருவர்தான்.

இருபத்தேழாம் ஒலி. நாற்பது நொடி. அட்டையில் இப்படி எழுதியிருக்கிறது: "ஆண், ஐம்பத்தெட்டு வயது, கல் அறுக்கும் தொழில். இரண்டு நுரையீரலிலும் வெடிப்பொலி. மூச்சோடு முனகல் தானாக வருகிறது. நோயாளி நினைவில் இல்லை."

முதலில் தீயில் உப்புப் போட்ட மாதிரி படபடவென்று கேட்டது. அதற்கு மேல் ஒரு "ம்". அக்கா, அப்பா மூக்கில் பலகைக்கல் விழுந்து எலும்பு உடைந்த பிறகு அவர் "ம்" சொன்னால் கூடவே ஒரு சின்ன விசில் வருமே. நாம் ஸ்கூல் கதை சொல்லும்போது அந்த விசிலுக்காகவே கதையை நீட்டுவோமே. அதே "ம்". நாற்பது நொடியில் நாலு தடவை.

ஹெட்போனைக் கழற்றினால் செத்துவிடுவார் போல இருந்தது. மேடம் வந்து தோளைத் தட்டும் வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் யாராவது வந்து பதிவு செய்தார்களா? நீ பக்கத்தில்தானே இருந்தாய். உடனே எழுது.

சின்னவள்


அக்டோபர் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் தேய்ப்புக்கல் மாற்றினார்கள். புதுக்கல் பழகும் வரை கை நிற்காது, இரண்டு ஜோடி லென்ஸ் விளிம்பில் உடைந்துவிட்டது. முதலாளி உடைந்த துண்டுகளைப் பொறுக்கி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது, சரி செய்தாயிற்று. உன் அலமாரியில் கரையான் வந்து, பழைய நோட்டுகளை வெயிலில் போட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார். உனக்கு ஸ்வெட்டர் வேண்டுமா? நிறம் சொல்.

ஆஸ்பத்திரியில் தினம் எத்தனையோ பேர் வருவார்கள் போவார்கள். கல் அறுத்தவர்கள் எல்லோருக்கும் அதே நுரையீரல்தான். மூக்கு உடைந்தவரும் உலகத்தில் ஒருவர் மட்டும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 29

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் எந்த நிறமானாலும் சரி.

மழுப்பாதே அக்கா. நிசப்தம் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. மாணவர்கள் அடிக்கடி இப்படிக் குழம்புவார்களாம், ஒரு பெண் தன் தாத்தாவையே மூன்று எண்ணில் கேட்டாளாம். பிறகு நான் அழுவதைப் பார்த்துச் சம்மதப் படிவங்கள் இருக்கும் கோப்பை எடுத்தார். இருபத்தேழுக்கான படிவத்தில் உன் கையெழுத்து. "நோயாளிக்காக மூத்த மகள்" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறாய். தேதி மார்ச் பதினைந்து. அப்பா போனது பதினேழு.

இன்னொன்றும் சொன்னார். முழுப் பதிவு நாலு நிமிடமாம், பாடத்துக்காக நாற்பது நொடி மட்டும் வெட்டியிருக்கிறார்கள். முழுசும் அலமாரியில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் அனுமதித்தால்தான் குடும்பத்தார் கேட்கலாம். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்துத்தான்.

பதிவு செய்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை? கோபமாகக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

சின்னவள்


நவம்பர் 14

சின்னவளுக்கு,

நலம். நீ படிக்கப் போனாயா, துப்பறியப் போனாயா? ஒரு டாக்டர் வந்து பிள்ளைகள் படிக்க உதவும் என்றார், போட்டேன். அன்றைக்கு எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. நினைவில்லாத மனுஷனின் மூச்சை நாலு நிமிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது உனக்கு?

படிவம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளம், மடித்துப் போடு.

அக்கா


டிசம்பர் 2

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. கதகதப்பாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவே இல்லை.

என் நிலைமையைக் கேள். இந்த அரையாண்டில் ஒலித்தேர்வு இருப்பதால் வகுப்பு முழுக்க அதே வேலைதான். வகுப்பில் இருக்கும் எல்லோரும் அப்பாவைக் கேட்கிறார்கள். இருபத்தேழு சுலபம் என்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நேற்றுச் சாப்பாட்டு வரிசையில் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த "ம்"மைச் செய்து காட்டினான். அச்சு அசலாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் இருந்த தட்டு விழுந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு விஷயம் தெரியும். அவள் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். அவன் பாவம், ஒன்றும் தெரியாமல் விழித்தான்.

எனக்கு எங்கே பார்த்தாலும் அதுவே கேட்கிறது. லிஃப்ட் நிற்கும்போது, குழாயை மூடும்போது, ஆசிரியர் சுண்ணாம்புக் கட்டியால் எழுதும்போது. போன வாரம் யாரோ கூப்பிட்டதற்கு நான் "ம்" என்றேன், என் வாயிலிருந்து அந்த விசில் வந்த மாதிரி இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். பைத்தியம் இல்லை, பயப்படாதே. ஆனால் வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இருக்கிறது.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. முனகல் என்றால் ஒவ்வொரு மூச்சிலும் வர வேண்டும் என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அப்பாவுக்கு அப்படி வரவில்லை. நாலைந்து மூச்சு சும்மா போகிறது, பிறகு ஒரு "ம்". மறுபடி சும்மா, மறுபடி "ம்". எதற்கோ காத்திருந்து சொல்கிற மாதிரி.

கையெழுத்துப் போட்டு அனுப்பு அக்கா. உன் காலில் விழுகிறேன்.

சின்னவள்


ஜனவரி 6

சின்னவளுக்கு,

படிவம் இதோடு இருக்கிறது. கேட்க வேண்டும் என்றால் கேள். கேட்காமலும் இருக்கலாம்.

கேட்கும்போது அந்த உயரமான பெண்ணைக் கூட வைத்துக்கொள்.

அக்கா


ஜனவரி 17

அக்கா,

இன்றைக்கு நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

கேட்டேன். ஒட்டகச்சிவிங்கி வெளியே நின்றாள். மேடம் கதவைச் சாத்திவிட்டு, நிசப்தம் என்று சொல்லாமல் நின்றார்.

மைக் அப்பாவின் நெஞ்சில் ஒட்டியிருந்ததால் வெளிச் சத்தம் எதுவும் நேராக வராதாம். உன் குரல் அவர் நெஞ்சுக்குள்ளே போய் வருகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி. மேடம் அதை வார்டு இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிட்டாராம். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனக்கு ஒன்று விடாமல் புரிந்தது. உன் குரலை எனக்குத் தெரியாதா?

"சின்னவ பஸ் ஏறிட்டாப்பா."

"ம்."

"பாதி தூரம் வந்துட்டா. ஜன்னலோர சீட்டாம்."

"ம்."

"பாலம் தாண்டிட்டா."

"ம்."

"ஆஸ்பத்திரித் தெருமுனைல இறங்கிட்டாப்பா. நடந்து வர்றா."

"ம்."

அதற்குப் பிறகு, நாற்பது நொடிக்கு வெளியே, அவர் பேசுகிறார். மூச்சு எடுத்து எடுத்துப் பேசுகிறார். நெஞ்சுக்குள்ளேயே முழங்குவதால் மேடத்துக்கு அதுவும் முனகலாகத்தான் கேட்டதாம். "கதவத் தொறந்து வை." நீ எழுந்து போகும் சத்தம் கேட்கிறது. கதவு திறக்கிறது அக்கா. நீ நிஜமாகவே போய்த் திறந்திருக்கிறாய்.

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளி ஆய்வகத்தில் உப்புக்கரைசலை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மணி நேரப் பயணம். நினைவு போய்விட்டது என்றாயே, அந்தப் பதிமூன்றாம் தேதியே நீ சொல்லியிருந்தால் அன்று மாலையே வந்திருப்பேன். பரீட்சையா? அடுத்த வருடம் எழுதியிருப்பேன். அப்பாவை அடுத்த வருடம் பார்க்க முடியுமா?

அவர் என்னைத் தேடினார். உனக்குத் தெரிந்தே தேடினார். நினைவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

ஏன்?


பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரணம் உண்டு. டாக்டர் இன்னும் பத்து நாள் தாங்குவார் என்றார். உன் செய்முறைத் தேர்வு பதினெட்டாம் தேதி முடிகிறது. முடிந்ததும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். இதையே உன்னிடம் சொல்லியிருக்கலாம், நீயும் ஏற்றுக்கொண்டிருப்பாய். அதனால்தான் இப்போது அதோடு நிறுத்தவில்லை. அது பாதி.

மீதியை எழுதுகிறேன். இரண்டு வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்தது நான். சளியைக் கையில் ஏந்தியது நான். கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தது நான். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே நான். பதிமூன்றாம் தேதி கஞ்சி ஊட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "சின்னவ வரட்டும், அவ ஊட்டுவா" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். கேட்கட்டுமே, இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருக்கட்டுமே என்று நினைத்தேன். சாகப்போகிற மனுஷனோடு போட்டி போட்டேன்.

பதினைந்தாம் தேதி அவர் உன்னைக் கேட்ட விதத்தில் எனக்கு மனசு உடைந்துவிட்டது. அப்போதாவது உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்து, நீ வருகிறாய் என்று அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். சொன்னால் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் சொன்னேன். பதினேழாம் தேதி காலையிலும் நீ பாலத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தாய்.

கை வீங்கி அவரால் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் நான் போட்ட கையெழுத்து அது. அவர் நன்றாக நினைவோடு இருந்தார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், வகுப்புக்குப் போகிறேன். உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வெறுக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். அந்த டம்ளரைக் கீழே வைத்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் உன் பக்கம் நின்றுவிடுகிறேன். அப்பாவும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒலித்தேர்வு போன வாரம் நடந்தது. இருபத்தேழு வந்தது. கேள்வி: "நோயாளியின் நினைவு நிலை என்ன? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" வகுப்பே "நினைவில் இல்லை, முனகல் தானாக வருகிறது" என்று எழுதியது. நான் "நினைவில் இருக்கிறார், பதில் சொல்கிறார்" என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள்.

மேடத்திடம் போய்ச் சண்டை போட்டேன். அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நோயாளிக்குப் பதில் மகள் கையெழுத்துப் போட்டிருந்ததால் நினைவில்லை என்று அவராகவே அட்டையில் எழுதிவிட்டாராம். ஆனால் அட்டையை மாற்ற என் பேச்சு போதாது. நான் அன்றைக்குப் பக்கத்தில் இல்லையே. பக்கத்தில் இருந்தவர் என்ன நடந்தது என்று கைப்பட எழுதித் தர வேண்டும். அதைப் பதிவோடு சேர்த்து வைப்பார்கள். இனி வருகிற ஒவ்வொரு வகுப்பும் அதைப் படிக்கும்.

அல்லது சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இருபத்தேழையே எடுத்துவிடச் சொல்லலாம். அதற்கு ஒரு வரி போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. எது என்று நீயே முடிவு செய். நான் வற்புறுத்தவில்லை.

அவரை நினைவில்லாதவர் என்று படித்துக்கொண்டு போகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னவள்


மார்ச் 11

ஒலிக்கூடப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் மாணவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதன் நகல் ஒன்றைத் தங்களிடம் படிக்கும் என் தங்கைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

தங்களிடம் உள்ள இருபத்தேழாம் எண் ஒலி என் தகப்பனாருடையது. அதை எடுத்துவிட வேண்டாம். அட்டையில் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். பதிவு செய்த பகல் முழுவதும் அவர் நினைவோடு இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, டாக்டரையும் தெரிந்தது, கிழமை கேட்டதற்குச் சரியாகச் சொன்னார். அதில் கேட்பது முனகல் இல்லை. அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாணவர்கள் எதற்குப் பதில் என்று கேட்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய இளைய மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்று நான் அவரிடம் சொன்னேன். அவள் வரவில்லை. அவளுக்குச் செய்தியே போகவில்லை, நான் சொல்லவில்லை. அவள் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் கேட்டார், புரிந்துகொண்டார், நம்பினார்.

இப்படிக்கு,
நோயாளியின் மூத்த மகள்